கையில் கத்தி இல்லாத ஆட்கள் தேவை

மூணு மாசமா ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஒரே தேடல்தான். வீடு தேடலை, கார் தேடலை. நான் தேடினது கையில் எந்த ஆயுதமும் இல்லாத, யார் வம்புக்கும் போகாத, சாதாரண கிராமத்து ஜனங்களை. உயரம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. ஆளுக்கு ரெண்டு டாலருக்கு மேல போகக் கூடாது. மொத்தம் 24 பேர் வேணும்.

பய புள்ளைக்குக் கழண்டுடுச்சு போலன்னு நினைக்காதீங்க மக்களே. விளக்கம் வருது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன்னு ரெண்டு பேர் கொண்டு வந்தது. ஒரு மேசையைச் சுத்தி அஞ்சாறு பேர் உட்கார்ந்து கதை சொல்ற ஆட்டம். ஒருத்தர் கதையை நடத்துவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருந்து "நான் கதவை உடைக்கிறேன்", "நான் மந்திரம் போடுறேன்"னு சொல்வாங்க. நடக்குதா இல்லையான்னு இருபது முகம் உள்ள பகடை முடிவு பண்ணும். சண்டை வந்தா கட்டம் போட்ட விரிப்பை விரிச்சு, யார் எங்க நிக்கிறாங்கன்னு காட்ட சின்னச் சின்ன பொம்மைகளை வைப்போம். ஒரு கட்டம் ஒரு அங்குலம், அதாவது கதையில் அஞ்சு அடி.

டல்லாஸ் பக்கத்துல பொட்டி தட்டுற எனக்கு சனிக்கிழமை சாயங்காலம் இதுதான் பொழப்பு. எங்க டீம்ல இருக்கிற டேட்டாபேஸ் ஆசாமி மந்திரவாதி. பக்கத்து அபார்ட்மெண்ட் தெலுங்கு நண்பன் திருடன் (ஆட்டத்துலதாங்க!). அவன் மனைவி வில்லாளி. கதை நடத்துறது அடியேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க கதையில் ஒரு ஆத்தோரக் கிராமம். பூதக் கும்பல் ஒண்ணு அதைத் தாக்கும். பூதங்களுக்குப் பொம்மை இருந்துச்சு. வீரர்களுக்கும் இருந்துச்சு. கிராமத்து ஜனங்களுக்கு? எம் அண்ட் எம்ஸ் மிட்டாய். பச்சை மிட்டாய்னா ஆம்பளை, சிவப்பு மிட்டாய்னா பொம்பளை, நீலம் குழந்தைங்க.

நம்ம மந்திரவாதிக்கு நெருப்புருண்டை மந்திரம் கைவசம் உண்டு. இருபது அடி ஆரம். விரிப்பில் வச்சா எட்டு கட்டம் அகலம். சேதத்துக்கு ஆறுமுகப் பகடை எட்டு உருட்டணும். யாராவது சுதாரிச்சுக் குதிச்சா பாதி சேதம்தான். ஆனா 2014-ல் வந்த அஞ்சாம் பதிப்பு விதிப்படி ஒரு சாதாரண கிராமத்தானுக்கு இருக்கிற உயிர்ப் புள்ளி வெறும் 4. கணக்குப் போட்டுப் பாருங்க. எட்டுப் பகடையிலும் ஒண்ணு ஒண்ணா விழுந்தாக் கூட மொத்தம் 8. அதுல பாதி 4. அதாவது மந்திரவாதி எவ்வளவு மோசமா உருட்டினாலும், கிராமத்தான் எவ்வளவு நல்லாக் குதிச்சாலும், ஆள் காலி. விதிவிலக்கே கிடையாது.

"எத்தனை பூதம் சிக்கும்?" "ஆறு." "எத்தனை கிராமத்தான்?" "ஒம்பது." "சரி, போடு."

போட்டுட்டு, செத்துப்போன ஒம்பது மிட்டாயையும் எடுத்து வாயில போட்டுக்கிட்டான் மனுஷன். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவுறப்போதான் எனக்கு உறைச்சது. மேசையில் முகம் இருக்கிறவனுக்குத்தான் உயிர். முகம் இல்லாதவன் எண்ணிக்கை மட்டும்தான்.

அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல்.

கடையில் போய்ப் பார்த்தா ஒரு விஷயம் பளிச்சுனு தெரிஞ்சுது. வாள் வச்சவன், கோடாலி வச்சவன், ரெண்டு கையிலும் கோடாலி வச்சவன், எலும்புக்கூடு வாள் வச்சது... நூத்துக்கணக்குல தொங்குது. கூடை வச்ச அம்மா ஒருத்தரைக் காணோம்.

ஏன்னு யோசிச்சா இந்தப் பொழுதுபோக்கோட பரம்பரையே அப்படி. பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் 1824 வாக்கில் பயிற்சிக்காக வச்சுக்கிட்ட மேசைப் போர் ஆட்டம் ஒரு பக்கம். எச்.ஜி. வெல்ஸ் (ஆமாங்க, கால யந்திரம் எழுதினவரேதான்) 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வச்சு விளையாட விதிப் புத்தகம் போட்டது இன்னொரு பக்கம். கைகாக்ஸே 1971-ல் ஜெஃப் பெர்ரன் கூடச் சேர்ந்து இடைக்காலப் போருக்கான விதிகளைத்தான் முதல்ல வெளியிட்டார். மூணு வருஷம் கழிச்சு வந்த ஆட்டம் அதுல இருந்து வளர்ந்தது. பாட்டன், முப்பாட்டன் எல்லாம் சிப்பாய். வீட்டுல கரண்டி எங்க இருக்கும்? யாவாரமும் அதே கணக்குதான். வீரன் பொம்மையை ஆளாளுக்கு ஒண்ணு வாங்குவான். கிராமத்தானை என்னை மாதிரி கதை நடத்துற ஆள் மட்டும்தான் வாங்குவான், அதுவும் ஒரே ஒரு தடவை.

ஆனா அதே பரம்பரையில் எனக்குத் தெம்பு தர்ற கதையும் ஒண்ணு இருக்கு. ஆரம்ப காலத்துல கைகாக்ஸ் கிட்ட அரக்கர் பொம்மை இல்லை. சில்லறைக் கடையில் வித்த, ஹாங்காங்கில் செஞ்ச சல்லிசான பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட்டை வாங்கினார். அதுல இருந்த என்னன்னே புரியாத ஜந்துக்களுக்குப் பேர் வச்சு ஆட்டத்துல இறக்கினார். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிற பூதமும், ஆந்தைத் தலைக் கரடியும் அப்படிப் பிறந்ததுதான். ஆக, சல்லிசா வாங்கி ஒப்பேத்துறது கஞ்சத்தனம் இல்லை, மரபு! தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். "கொலுவுக்கு ஒரு செட்டியார் பொம்மை வாங்கச் சொன்னா மூஞ்சியத் தூக்குவீங்க, இதுக்கு மட்டும் வரலாறு பூகோளம் எல்லாம் வருது"ன்னு பதில் வந்துச்சு. அவ்வ்வ்வ்.

(அவங்க சொன்னதுலயும் விஷயம் இருக்கு. காய் விக்கிற அம்மா, கடை வச்ச செட்டியார், ஏர் ஓட்டுறவர்னு ஊர் ஜனங்களுக்கு நம்ம கொலுப்படியில் எப்பவும் இடம் உண்டு. அளவுதான் ஒத்து வராது. என் வீரனுக்குப் பக்கத்துல செட்டியாரை வச்சா அவர்தான் அரக்கன்.)

இனி நான் தேடின வழிகள், ஒவ்வொண்ணா.

முதல் வழி, நேராக் காசு கொடுத்து வாங்குறது. இங்க டெக்சாஸ்லயே டென்டன் ஊர்ல ரீப்பர்னு ஒரு கம்பெனி இருக்கு. முன்ன உலோகப் பொம்மை மட்டும் செஞ்சுட்டிருந்தாங்க. அப்புறம் மெத்துனு வெள்ளை பிளாஸ்டிக்கில் சல்லிசா ஒரு வரிசை கொண்டு வந்தாங்க. அதை விரிவாக்க 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்கள்கிட்ட முன்பணம் கேட்டு 34 லட்சம் டாலருக்கு மேல வாங்கினாங்க. அவங்ககிட்ட ஊர் ஜனங்களும் உண்டு. அழகா இருக்கும். ஆனா ஒரு ஆளுக்கு நாலு, நாலரை டாலர் ஆகுது. 24 பேருக்கு நூறு டாலர் தாண்டும். அதனால கதையில் நிறையப் பேசப்போற நாலு பேருக்கு மட்டும் இந்த வழி. கொல்லன், சத்திரக்காரம்மா, பூசாரி, ஊர்ப் பெருசு. 18 டாலர்.

ரெண்டாவது வழி, ஆயுதத்தைப் பிடுங்குறது. 2015-ல் வந்த ஃப்ராஸ்ட்கிரேவ்னு ஒரு ஆட்டத்துக்கு பிளாஸ்டிக் ஆட்கள் பெட்டியா வருது, பெட்டிக்கு 20 பேர். தலை, கை, உடம்பு எல்லாம் தனித்தனியா சட்டத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். வெட்டி எடுத்து நாமளே ஒட்டணும். உடம்பு எல்லாம் இரும்புக் கவசம் இல்லாம, பஞ்சு வச்சுத் தைச்ச அங்கி, முக்காடு, துணிப்பைன்னு இருக்கும். பெண்கள் மட்டும் இருக்கிற பெட்டியும் உண்டு. வாளை மணிக்கட்டுக்கு மேல கொறடால நறுக்கி, உப்புக்காகிதத்தால தேய்ச்சா வெறும் கை ரெடி. ஈட்டியோட முனையை மட்டும் நறுக்கினா அது ஊன்றுகோல். அதுலயே துடைப்பத்தோட நார் நாலைச் சொருகி நூல் சுத்தினா விளக்கமாறு. தெலுங்கு நண்பனும் நானும் பெட்டியைப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். அவனுக்கு வாள் எல்லாம், எனக்கு ஆட்கள் பத்துப் பேர். 18 டாலர்.

வாளைப் பிடிச்ச கைக்கும் கூடையைப் பிடிச்ச கைக்கும் வித்தியாசம் அப்படி ஒண்ணும் இல்லைங்கிறது இதைப் பண்றப்போதான் தெரிஞ்சுது. தோள்தான் காட்டிக்கொடுக்கும். சண்டைக்காரன் தோளை விரைச்சு நிப்பான். ரெண்டு கையையும் கொஞ்சம் கீழ இறக்கி ஒட்டினா போதும், மனுஷன் சந்தைக்குப் போறவனா மாறிடுறான்.

மூணாவது வழி, ரயில். பொம்மை ரயில் ஓட்டுறவங்களுக்கு ஸ்டேஷனில் நிக்க ஜனங்க வேணும். கட்டடக்கலை மாணவர்களுக்கும் மாதிரிக் கட்டடத்துக்கு முன்னாடி நிக்க ஆட்கள் வேணும். அந்த ஜனங்க யார் கையிலும் கத்தி இருக்காது! இங்க மட்டும் அளவுக் கணக்கு கவனம். நம்ம ஆட்டப் பொம்மை 28 மில்லிமீட்டர்னு சொல்வாங்க, சுமாரா 1:60 அளவு. 170 செ.மீ. ஆளை 1:87-ல் செஞ்சா 19.5 மி.மீ. தான் வரும். 1:72-ல் 23.6. 1:64-ல் 26.6. 1:50-ல் 34. 1:48-ல் 35-க்கு மேல. அதனால 1:64 கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்கலாம். 1:50 ஆட்களைக் கூன் போட்டுக் கிழவனாக்கலாம், இல்லைன்னா உட்கார்ந்திருக்கிற ஆளா வாங்கலாம். 1:87 ஆட்கள்? அவங்கதான் குழந்தைங்க. பெரிய மனுஷனை வாங்கிப் பக்கத்துல நிக்க வச்சா மூணரை, நாலடிப் பையன். ரெண்டு அளவும் கலந்த நூறு பேர் பாக்கெட் ஒண்ணு 9 டாலருக்குக் கிடைச்சுது. தேறினது ஏழு பேர். மீதிப் பேருக்கு டை, கோட்டு, கையில் பிரீஃப்கேஸ்.

அந்த ஏழு பேரையும் இடைக்காலத்துக்கு அனுப்பினது எம்-சீல். ஊர்ல இருந்து கிளம்புறப்போ குழாய் ஒழுகினா ஆகும்னு அப்பா பெட்டியில் போட்டுவிட்டது. இந்த ஊர்க்காரங்க இதுக்குன்னே மஞ்சளும் நீலமுமா வர்ற பசையைப் பிசைஞ்சு பச்சையாக்கி வேலை செய்றாங்க, அது இன்னும் நல்லா இழுபடும். நமக்கு எம்-சீல் போதும். கோட்டுக்குக் கீழ பாவாடை, தலையில் மூட்டை, பிரீஃப்கேஸ் மேல ஒரு அப்பு அப்பினா கூடை. சால்வைக்கு டிஷ்யூ பேப்பரைக் கிழிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல நனைச்சு, ஊசியால மடிப்பு வச்சுப் போத்திவிட்டா, காய்ஞ்சதும் கல்லு மாதிரி நிக்குது.

நாலாவது வழி, அச்சடிக்கிறது. வீட்டுல ரெசின் பிரிண்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவே தேவையில்லை. ஒரு லிட்டர் ரெசின்ல நூறு பேருக்கு மேல வருவாங்க. ஆனா கையுறை, ஆல்கஹால் கழுவல், வாடைன்னு ஒரு படுக்கையறை வீட்டுல அது ஆகுற காரியம் இல்லை. எங்க ஊர்ப் பொது நூலகத்துல பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சடிக்கிற யந்திரம் இருக்கு, கிராம் கணக்குல காசு. அதுல முகம் மழுங்கிப் போகும். அதனால முகம் தெரியாத மூணு பேரை எடுத்தேன். முக்காடு போட்ட கிழவி, குனிஞ்சு விறகு கட்டுறவர், மூட்டை தூக்குறவர். ரெண்டு டாலருக்குள்ள முடிஞ்சுது.

காசே செலவு பண்ண மாட்டேன்னு சொல்றவங்களுக்கு அஞ்சாவது வழி. கெட்டி அட்டையில் முன்பக்கம், பின்பக்கம் படம் அச்சடிச்சு, முக்கோணக் கூடாரம் மாதிரி மடிச்சு, ஒரு அங்குல இரும்பு வாஷர்ல ஒட்டினா ஆச்சு. காத்துக்கு விழாது. மிட்டாயைவிட ஆயிரம் மடங்கு மேல், ஏன்னா முகம் இருக்கு, யாரும் தின்ன முடியாது.

கூட்டிப் பாருங்க. நாலு, பத்து, ஏழு, மூணு: ஆக 24 பேர். 18, 18, 9, 2: ஆக 47 டாலர். பட்ஜெட் 48. ஒரு டாலர் மிச்சம்! ஆபீஸ்ல ஒரு பிராஜெக்ட் கூட நான் இப்படி முடிச்சதில்லை.

வண்ணம் பத்தி ஒரு வரி. வீரர்களுக்குப் பளபளப்பு, ஜனங்களுக்குச் சாயம் வெளுத்த துணி. இடைக்கால ஐரோப்பாவில் ஏழைக்குக் கிடைச்ச சாயம் மூணு செடியில் இருந்து வந்தது. ஒண்ணு நீலம், நம்ம அவுரியில் இருக்கிற அதே சாயம்தான். ஒண்ணு சிவப்பு, நம்ம மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடி. இன்னொண்ணு மஞ்சள். இந்த மூணையும் பழுப்பு கலந்து மங்கலாக்கி, சாயமே போடாத கம்பளி நிறத்துல பாதிப் பேரை விட்டுட்டேன். ஆழ்ந்த கறுப்பும் ஊதாவும் பணக்காரங்க நிறம், தொடவே கூடாது. கொல்லனுக்குத் தோல் முன்றானை, மாவு மில்காரனுக்குத் தோள் முழுக்க வெள்ளைப் புழுதி.

போன மாசம் அடுத்த ஊர் தாக்கப்பட்டுச்சு. அதே பூதங்கள், அதே மந்திரவாதி. விரிப்பில் 24 பேரையும் நிக்க வச்சேன், வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை. சந்தை நாள், கூட்டம் கலைஞ்சு ஓடுது.

நம்ம ஆள் வழக்கம்போல நெருப்புருண்டைக்கு எட்டு கட்டம் அளந்தான். அளந்துட்டு அப்படியே நின்னுட்டான். "இந்தம்மா கையில என்ன?" "கூடை." "கூடையில?" "ரொட்டி." திரும்ப வேற மூலையில் வச்சு அளந்தான். அங்க 1:87 பையன் ஒருத்தன். திரும்ப அளந்தான். பத்து நிமிஷம் ஆச்சு. கடைசியில் அந்த மந்திரத்தை அன்னைக்கு அவன் போடவே இல்லை. கூட்டத்துக்கும் பூதத்துக்கும் நடுவுல போய் நின்னு, சின்ன மந்திரமா ஒண்ணொண்ணா அடிச்சான். சண்டை நாலு மணி நேரம் இழுத்துச்சு. ரெண்டு பூதம் தப்பிச்சு ஓடிடுச்சு. மந்திரவாதி சாகத் தெரிஞ்சான். விறகு கட்டுறவர் மட்டும் பிழைக்கலை. அவர் பொம்மையைப் படுக்க வச்சப்போ, "அவர் பேர் என்ன?"ன்னு வில்லாளி கேட்டாங்க. மூணு மாசமா ஆடுறோம், ஒரு கிராமத்தானுக்குப் பேர் கேட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை. யாரும் சிரிக்கலை.

புறநானூற்றுல ஒன்பதாம் பாட்டு ஞாபகம் வந்துச்சு. நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடினது. அம்பு விடுறதுக்கு முன்னாடி பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவங்க எல்லாம் காவலான இடத்துக்குப் போயிடுங்கன்னு முன்கூட்டியே அறிவிக்கிற அறத்தைப் பத்தினது. அந்தப் பட்டியல்ல எல்லாரும் இல்லைதான். ஆனாலும் போருக்கு முன்னாடி ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு ஒருத்தன் பட்டியல் போட்டிருக்கான் பாருங்க, அதுதான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க குழுவுல அஞ்சாவதா ஒருத்தர் இருந்தார், வைத்தியர் பாத்திரம். போன வருஷம் எங்க கம்பெனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினாலு பேரை அனுப்பினாங்க. மேலிடத்துல இருந்து வந்த மின்னஞ்சல்ல அவங்க பேர் இல்லை, "14 ரிசோர்ஸ்"னு இருந்துச்சு. அதுல அவரும் ஒருத்தர். விசா கெடு அறுபது நாள், மூணு வயசுக் குழந்தை. எங்கயோ ஒரு அறையில் எட்டு கட்டம் அகலத்துக்கு அளந்து போட்டிருப்பாங்க, எத்தனை சிக்கும்னு மட்டும் கேட்டிருப்பாங்க. அவர் இப்போ கோயமுத்தூர்ல நல்லா இருக்கார். ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறோம். 24 பேர்ல மூட்டை தூக்குறவருக்கு அவர் சட்டை நிறம்தான் அடிச்சிருக்கேன். போட்டோ அனுப்பினேன். "தொப்பையை விட்டுட்டியே"ன்னு பதில் போட்டார். எம்-சீல் மிச்சம் இருக்கு, வச்சுடலாம்.

டிஸ்கி: அடுத்து ஒரு மாட்டு வண்டியும் ரெண்டு மாடும் தேவை. மிச்சமிருக்கிற ஒரு டாலருக்குள்ள வழி தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. தங்கமணி கொலுப்பெட்டி மேல கண்ணு வைக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே எச்சரிக்கை வந்தாச்சு.